ராத்தா என்று வாசிக்கவும்

மகன்,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் இந்தக் கொப்பியைத் திறந்திருக்கிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், யாருடைய சொல்லையும் அழகுபடுத்தமாட்டேன். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது. ஏன் என்று போகப் போக உனக்கு விளங்கும். வீட்டில் இருந்து எழுதினால் உன் வாப்பா "என்ன, பரீட்சையா?" என்று எட்டிப் பார்ப்பார். அதனால் கற்பிட்டிப் பொது நூலகத்தின் மூலை மேசைக்கு வந்திருக்கிறேன். நூலகத்தைப் பார்க்கும் றிஸ்னா ஐந்தரைக்குப் பூட்டுவாள். அதற்குள் முடிக்கவேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் முடிக்காமல் வைத்திருந்ததை ஒரு பின்னேரத்தில் முடிக்கப் பார்க்கிறேன்.

பத்திரிகையில் மாணவர் பக்கம் இனி உன் பொறுப்பு என்று நீ வந்து சொன்ன அன்று வீடு முழுக்கச் சந்தோஷம். உன் ராத்தா வட்டிலப்பம் செய்தாள். நான் மட்டும் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். நீ பின்னால் வந்து, "உம்மாக்கு சந்தோஷமில்லையா?" என்று கேட்டாய். "வெங்காயம் மகன், கண் எரியுது" என்றேன். நான் வெங்காயம் உரிக்கவில்லை. நீ தேங்காய்த் துருவலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாய்.

உன் ராத்தாவைப் பற்றி நீ சின்ன வயதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டு வந்திருக்கிறாய். இந்த ஊரில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். கூடப் பிறந்தவளை மட்டுமல்ல, தெருவில் போகிற, தன்னைவிட வயது கூடிய எந்தப் பெண்ணையும் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டனுக்கு இங்கே வேறு பெயர், அவரை அப்பா என்போம். அப்படியிருக்க, நம் வீட்டில் மட்டும் மூத்தவளை ராத்தா என்று உன்னைக் கூப்பிடவைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "மன்னார் ராத்தா, மன்னார் ராத்தா" என்று பகிடி பண்ணினார்கள். "நாம மன்னார் இல்லையே உம்மா, ஏன்?" என்று கேட்பாய். "அது நல்ல சொல்" என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாம் தரத்தில் நீ 'எனது குடும்பம்' என்று கட்டுரை எழுதினாய். அதில் நீ எழுதிய ராத்தாவை உன் டீச்சர் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'அக்கா' என்று எழுதியிருந்தார். நான் உடுத்திருந்த சேலையோடு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். "டீச்சர், புள்ளட சொல்ல ஏன் வெட்டினீங்க?" என்றேன். அந்த டீச்சர்ப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது குறைந்தவள், பயந்துபோய், "எழுத்துத் தமிழ்ல அப்பிடித்தானே தாத்தா" என்றாள். "அப்ப புள்ளயிட்ட கேட்டுட்டு வெட்டுங்க! இந்தச் சொல்லு ஒனக்கு எதுக்கு வேணும்னு கேளுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் யன்னலுக்கு வந்துவிட்டார்கள். வீடு வரும்வரை நீ எனக்கு முன்னால், என்னோடு வராதவன் போல நடந்தாய். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். இப்போது சொல்கிறேன்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய வருடம் எனக்குப் பதினைந்து வயது. மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்து இறங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூட மண்டபம் அவர்களால் நிறைந்தது, பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. எங்கள் வகுப்பு பூவரச மரத்தடிக்குப் போனது. கழுதைகள் வந்து கரும்பலகைக்குப் பின்னால் நிற்கும். நான் அப்போது பெரிய வாசிப்புக்காரி. கருவாடு சுற்றிவந்த கடதாசியைக்கூட விரித்து, வாசனையோடு வாசிப்பேன். சமூகம், அறநெறி, மானுடம் என்ற சொற்கள் இல்லாமல் என்னால் ஒரு பந்தி எழுதமுடியாது. எழுத்தும் முத்துமுத்தாக இருக்கும் என்று பெயர். பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே போகும் எதையும் எங்கள் தமிழ் டீச்சர் என்னிடம்தான் தெளிவாக எழுதித் தரச் சொல்வார்.

அப்படித்தான் பாத்திமா என் வாங்குக்கு, என் பக்கத்தில் உட்கார வந்தாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. உம்மாவும் வாப்பாவும் இரண்டு தம்பிகளும் அவளோடு வந்திருந்தார்கள். மூத்தவள் மட்டும் வரவில்லை. பாத்திமா வாயைத் திறந்தால் "எங்கட ராத்தா" என்றுதான் தொடங்குவாள். ராத்தா இப்படிச் சொல்லுவா, ராத்தா இதைவிட நல்லா மடிச்சுத் தைப்பா. "வந்திட்டா ராத்தா" என்று பின் வாங்கில் இருந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அவளுக்காக வெட்கமாக இருக்கும். "தாத்தான்னு சொல்லேன், சிரிக்கமாட்டாளுகள்" என்று ஒருநாள் சொன்னேன். "அது ஆரோ வேற ஆள் மாதிரி இருக்குது" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் கொழும்புப் பத்திரிகை ஒன்று மாணவர் பக்கத்துக்குக் கட்டுரை கேட்டது. தலைப்பு அமானிதம். நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காத்துத் திருப்பிக் கொடுப்பது. உனக்குத் தெரிந்த சொல்தான், ஆனால் மாணவர் பக்கத்தை வாசிக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. நான் ஆறு பக்கம் எழுதினேன். "மானுடம் தோன்றிய காலந்தொட்டு" என்று தொடங்கியது. பாத்திமா நிவாரணப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அவள் எழுதியதில் இந்த வரிகள் எனக்கு மனப்பாடம்:

"எங்கட ராத்தா தையல் தைப்பா. எங்களப் போகச் சொன்ன நாள் அவட மெஷினுக்குப் பக்கத்தில அயல் வீட்டு மனிசி ஒராள்ட துணி இருந்தது. நீலத்தில வெள்ளப் பொட்டு. இது அமானிதம், குடுத்திட்டு ஓடி வாறன் எண்டு ராத்தா போனா. வள்ளம் வெளிக்கிட்டுது. ராத்தாக்கு அடுத்த மாசம் கல்யாணம் பேசியிருந்தது. துணி அமானிதமா, நாங்க அமானிதமா எண்டு எனக்கு இன்னும் தெரியேல்ல."

டீச்சர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழுதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ஆறு பக்கத்தையும் மடித்து என் கையில் தந்தார். "ஒன்ட நல்லாத்தான் ஈக்குது. ஆனா இதத்தான் அனுப்பப் போறன்" என்றார். "நீ தெளிவா எழுதிக் குடு. பேப்பருக்குப் போறது, பேச்சுத் தமிழ் வேணாம். ஒரு பக்கத்துக்கு மேல போகவும் வேணாம். பேரும் சொந்த ஊரும் போடாத, அவள்ட வாப்பா பயப்படுறார்."

அன்று பின்னேரம் நான் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். 'போனா' என்பதை 'போனார்' என்று மாற்றினேன். மரியாதையான எழுத்துத் தமிழ் அதுதான், ஆனால் ஆணா பெண்ணா என்று காட்டாது. 'ராத்தா' பிள்ளைகள் சிரிக்கும் சொல், எனவே 'தாத்தா' என்று எழுதினேன். எங்கள் வீடுகளில் அது மூத்த சகோதரி. கதைப் புத்தகங்களில் தாத்தா என்றால் பாட்டன் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அத்தனை கதை வாசித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் கை வீட்டுச் சொல்லை எழுதியது. பக்கம் நிறைந்துகொண்டு வந்தபோது இரண்டு வசனங்களை விட்டேன். நீலத் துணியில் வெள்ளைப் பொட்டு என்பது ஒன்று, கட்டுரைக்கு நிறம் எதற்கு என்று நினைத்தேன். கல்யாணம் பேசியிருந்தது என்பது மற்றது. அது வீட்டுக் கதை, அறநெறிக்குச் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லை மாற்றியதில் பொறாமை இல்லை என்று அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்வேன். அந்த இரண்டு வசனங்களைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது. அந்த இரண்டும்தான் அவள் எழுதியதில் மிக நல்லவை.

டீச்சர் என் பிரதியை வாசித்து, "அருமை" என்று சொல்லி உறையில் போட்டார். அவரும் இந்த ஊர்க்காரர். தாத்தா என்று வாசித்ததும் அவர் மனதில் வந்தது ஓர் இளம் பெண்தான். அவர் மேல் பிழையில்லை.

தபாலில் போட்ட பிறகுதான் பாத்திமா எனக்குச் சொன்னாள். வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். "ராத்தா மாணவர் பக்கம் விடமாட்டா. எங்க இருந்தாலும் வாசிப்பா" என்றாள். "கடிதம் போட விலாசம் தெரியாதே, அதுதான் பேப்பருக்கு எழுதினன். பேர் இல்லாட்டிலும் பரவாயில்ல. நீலத்தில வெள்ளப் பொட்டு எண்டா ராத்தாக்கு விளங்கும். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போடுவா." அவளுடைய வாப்பா இரண்டு தடவை அனுராதபுரப் பக்கத்து முகாம்களுக்குப் போய்த் தேடிவிட்டு வந்திருந்தார். முகாம்கள் பல, பதிவுகள் குழம்பிக் கிடந்தன. கடலில் போன வள்ளம் ஒன்றைப் பற்றியும் கதை இருந்தது. நான் நடையை நிறுத்திவிட்டேன். "என்ன, முள்ளா?" என்று குனிந்து என் காலைப் பார்த்தாள். "ஓம்" என்றேன். அதுதான் முதலாவது பொய்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. நாலாவதில் கட்டுரை வந்தது. 'ஒரு மாணவி, கற்பிட்டி' என்று போட்டு, பக்கத்தின் நடுவில், படத்தோடு. படத்தில் ஒரு கிழவன். தொப்பி, வெள்ளைத் தாடி, கூனிய முதுகு, கக்கத்தில் துணி மூட்டை. கரையில் நின்று கடலைப் பார்க்கிறான். தூரத்தில் வள்ளம் சின்னதாகப் போகிறது. ஒரு நல்ல கை வரைந்திருந்தது. அந்தக் கிழவனின் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து எங்கள் டீச்சர் அழுதுவிட்டார். அழுத பிறகுதான், "இது ஆரு?" என்று கேட்டார்.

பாத்திமா வாசித்தாள். பிறகு படத்தில் விரலை வைத்தாள். "எங்கட வீட்டில கிழவனே இல்லையே." இன்னும் ஒருதரம் வாசித்தாள். "பொட்டையும் காணேல்ல. கல்யாணத்தையும் காணேல்ல. பேப்பர்காரங்கள் எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள், என்னடி?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன்.

அவள் அதோடு விட்டிருந்தால் அது அந்தப் பொய்யோடு போயிருக்கும். அவள் விடவில்லை. "திருத்தம் போடச் சொல்லி எழுதுவமா? பிழை திருத்தம் எண்டு போடுறவங்கள்தானே." எழுதினால் பத்திரிகை நாங்கள் அனுப்பிய பிரதியைத் திருப்பி அனுப்பும், அதில் என் முத்துமுத்தான எழுத்து இருக்கும். "பெரியாக்கள்ட விசயத்துக்குத்தான் திருத்தம் போடுவாங்க. நம்மட கட்டுரைக்கெல்லாம் போடமாட்டாங்க" என்றேன். எனக்குப் பத்திரிகை விஷயம் எல்லாம் தெரியும் என்று அவள் நம்பியிருந்தாள். தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு பத்திரிகை மூலம் பள்ளிக்கூடத்துக்குக் கடிதங்கள் வந்தன. பாத்திமா ஒவ்வொன்றையும் ஓடிப்போய் வாங்கினாள். குருநாகல் பக்கத்திலிருந்து ஒரு மௌலவி, அந்தப் பெரியவருக்காகத் துஆச் செய்ததாக எழுதியிருந்தார். உடப்பிலிருந்து ஒரு பிள்ளை, "உங்கள் தாத்தா சுகமாக வந்துசேர அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். நல்ல மனங்கள். எல்லாம் அந்தக் கிழவனுக்கே போய்ச் சேர்ந்தன. பின் வாங்குப் பிள்ளைகள், "என்னடி, கெழவன் வந்தானா?" என்று கேட்பார்கள். கொஞ்ச நாளில் பாத்திமாவும் சேர்ந்து சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை. கொட்டிலில் அவளுடைய உம்மா கேட்பார்: "பேப்பர்ல என்ன மகள் போட்டிருக்கு? ராத்தாவப் பத்திப் போட்டிருக்கா?" அவருக்கு வாசிக்கத் தெரியாது. "போட்டிருக்கு உம்மா" என்பாள் பாத்திமா. படத்தைக் காட்டமாட்டாள்.

வெங்காயம் பிடுங்கும் காலத்தில், அனுராதபுரப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து ஒரு மனுசி தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் தகரம். ராத்தா கடல் வழியாக வராமல், கடைசிச் சனத்தோடு தரை வழியாக நடந்து போயிருந்தா. தன்னுடைய வீட்டார் போன வள்ளம் கரை சேர்ந்ததா என்று தெரியாமல், கேட்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு, அந்த முகாமில் சனத்துக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தா. மாசிமாதம் காய்ச்சல் வந்து மௌத்தாகிவிட்டா, உயிர் அந்த முகாமிலேயே போனது. தகரத்தில் கத்தரிக்கோலும், நூற்கட்டைகளும், விரலுறையும் இருந்தன. அடியில், மடித்து, பத்திரிகைத் துண்டு ஒன்று. அந்தக் கிழவன்.

"ஞாயித்துக்கிழமயில புள்ளகளக் கூட்டி வச்சு மாணவர் பக்கம் வாசிச்சுக் காட்டுவா" என்று அந்த மனுசி சொன்னார். "இத வாசிச்சிட்டு நல்லா அழுதா. எங்கள மாதிரியே ஒரு குடும்பம், அந்தக் கிழவனுக்குத் துஆக் கேளுங்க எண்டா. கேட்டம்." படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'எங்களப் போலவே. பாவம் இந்த மனிசன்.'

பாத்திமா அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். "பாத்தியா, ராத்தா என்ட கட்டுரைய வாசிச்சிருக்கா. நான் எழுதினதெண்டு தெரியாமலே வெட்டி வச்சிருக்கா" என்றாள். அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது, மகன். என்னால் அந்தப் பெருமையைப் பிடுங்க முடியவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம். கட்டுரை வந்த நாளுக்கும் காய்ச்சல் வந்த நாளுக்கும் இடையில் ஐந்து கிழமை இருந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை. ஒரு சின்னத் திருத்தத்துக்கு அது போதிய காலம்.

அந்தக் கிழவன் என்னை விடவில்லை. பிறக்காத ஒரு மனிதன், என் பேனாவில் பிறந்தவன். எனக்கு நிக்காஹ் நடந்த அன்று, வந்திருந்த பெரியவர்களின் தொப்பிகளுக்கு நடுவே அவனைப் பார்த்தேன். களப்புக் கரையில் துணி மூட்டையோடு யாரும் நின்றால் நான் வேறு பாதையால் வருவேன். தையற்காரரிடம் நான் ஒருநாளும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். உங்கள் பெருநாள் சட்டைகளை நானே கோணல்மாணலாகத் தைத்தேன், நீங்கள் இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டீர்கள். இப்போது எனக்கும் முடி வெளுத்துவிட்டது. சில நாட்களில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போது அந்தக் கவலை முகம்தான் தெரிகிறது. அவன் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குக் கிடைத்த துஆக்கள் எல்லாம் ஒரு பெண்ணுக்குப் போயிருக்கவேண்டியவை.

இனி உன் மேசைக்குப் பிள்ளைகளின் கட்டுரைகள் வரும். இலக்கியம், சமூகம், மார்க்கம், ஒழுக்கம் என்று தலைப்புக் கொடுப்பீர்கள். பெரும்பாலானவை நான் எழுதியது போல இருக்கும், மானுடத்தில் தொடங்கும். அவற்றை நீ எப்படியும் திருத்து. எங்காவது ஒன்று நிவாரணப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதியது போல வரும். எழுத்துப் பிழை இருக்கும், பேச்சுச் சொல் இருக்கும், தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு துணியின் நிறம் இருக்கும். அதில் பேனாவை வைக்குமுன் அந்தப் பிள்ளையிடம் கேள். போன் இருக்கிற காலம், ஒரு நிமிஷம் போதும். அந்தப் பிள்ளை யாருக்கு எழுதுகிறது என்று உனக்குத் தெரியாது. நீ என்று நினைத்துவிடாதே.

சண்டை முடிந்த பிறகு பாத்திமா பிள்ளைகளோடு மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டாள். அங்கே படிப்பிக்கிறாள். பெருநாளைக்குப் பெருநாள் போன் எடுப்பாள், உனக்குத் தெரியும், நீயும் பேசியிருக்கிறாய். உனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னபோது, "அப்ப ஒன்ட மகன்ட பக்கத்த ஞாயித்துக்கிழமயில என்ட புள்ளகளுக்கு வாசிச்சுக் காட்டப் போறன்" என்றாள். ராத்தா செய்தது போலவே. என் மகனின் பெயர் போட்ட பக்கத்தை அவள் அன்போடு விரிக்கும்போது, நான் இன்னும் அந்த 'ஓம்'முக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடாது.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதுகிறேன், என் கையாலேயே, இம்முறை ஓர் எழுத்தும் மாற்றாமல். முதற்பிரதி பாத்திமாவுக்கு நாளைக் காலைத் தபாலில் போகும். போனில் சொன்னால் அவள் என்னைச் சமாதானப்படுத்த முந்திவிடுவாள், அதற்கு அவளை ஆளாக்க விருப்பமில்லை. அவள் வாசித்துவிட்டு உனக்குப் போன் எடுத்து, போடு என்றால் மட்டும் உன் பக்கத்தில் போடு. வேண்டாம் என்றால் வேண்டாம். என்னோடு இனிப் பேசமாட்டேன் என்றால் அதையும் என்னிடம் மறைக்காதே. போடுவதென்றால், இடம் போதாது என்று உன் ஆசிரியர் சொன்னால், மற்ற எல்லாவற்றையும் வெட்டு. இதை மட்டும் வெட்டாதே:

பிழை திருத்தம். யுத்த காலத்தில், இப்போது நின்றுபோன ஒரு பத்திரிகையின் மாணவர் பக்கத்தில், 'அமானிதம்' என்ற தலைப்பில் கற்பிட்டி மாணவி ஒருவரின் கட்டுரை வெளியானது. அதில் தாத்தா என்று வந்த இடமெல்லாம் ராத்தா என்று வாசிக்கவும். போனார் என்பதைப் போனா என்று வாசிக்கவும். துணி நீல நிறம், வெள்ளைப் பொட்டு. ராத்தாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம் பேசியிருந்தது. அவருடைய பெயர் ஹமீதா. பிழை, பிரதி எழுதியவருடையது.

மணி ஐந்தரை ஆகிறது. றிஸ்னா கதிரைகளை மேசைக்குள் தள்ளிக்கொண்டு வருகிறாள். யன்னல்களைச் சாத்திவிட்டாள். என் தலைக்கு மேலே எரிகிற ஒரு லைட்டை மட்டும் விட்டுவைத்து, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

"தாத்தா, எழுதி முடிஞ்சா? லைட்ட ஓப் பண்ணட்டா?"

இனி வருவதை வாசற்படியில் வைத்து எழுதுகிறேன்.

"ஓம்" என்றேன். அணைத்துவிட்டாள்.